அட்லஸ் மலையில் விருந்தாளியாக



இப்னு பதூதா என்ற பெயர் நம் வீடுகளில் தெரியாத பெயரல்ல. மொரோக்கோ நாட்டின் தஞ்சா நகரில் பிறந்த அந்தப் பிரயாணி, 1344ஆம் ஆண்டில் நமது புத்தளக் கரையில் இறங்கி, காடும் மேடும் கடந்து பாவாதமலை ஏறினார். வழியில் கண்ட ஊர்களையும் மக்களையும் பற்றித் தமது பிரயாண நூலில் சொல்லி வைத்தார். அவர் பிறந்த நாட்டின் மலையில், அல்லாஹ்வின் உதவியால், நாங்கள் நடந்து பார்த்ததை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

மர்ராகிஷ் நகரிலிருந்து தெற்கே சுமார் 65 கிலோமீற்றர் போனால் இம்லில் என்ற சிற்றூர் வரும். உயர் அட்லஸ் மலைத்தொடரின் நடைப்பாதைகள் பல இங்கிருந்துதான் தொடங்குகின்றன. வட ஆபிரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான துப்கால், 4,167 மீற்றர் உயரத்தில், ஊருக்கு மேலே நிற்கிறது. நாங்கள் சிகரம் ஏறப் போகவில்லை. ஊருக்கு ஊர் நடக்கவே போனோம். மூன்று தம்பதிகள், ஆறு பேர். கூடவே ஒரு வழிகாட்டியும், மூட்டைகளைச் சுமக்கும் கோவேறு கழுதையோடு அதன் சொந்தக்காரரும்.

முதல் நாள் இம்லிலிலிருந்து தமத்தெர்த் கணவாய் ஏறி, மறுபுறம் இறங்கி, தச்செதிர்த் என்ற கிராமம் வரை நடந்தோம். கணவாயின் உயரம் 2,279 மீற்றர். நமது பிதுருதலாகல மலையின் உயரம் 2,524 மீற்றர் என்பதை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழான உயரத்தில் அங்கே மக்கள் குடியிருந்து, பயிர் செய்து, பிள்ளை வளர்க்கிறார்கள்.

இவர்கள் அமாஸிக் இனத்தவர்கள். பேசுவது தஷல்ஹீத் மொழி. 2011ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அமாஸிக் மொழிக்கு அரபுடன் அரச கரும மொழி என்ற இடம் கிடைத்தது. நமது அரபுக் கல்லூரிகளில் பிள்ளைகள் நஹ்வுக்கென்று முதலில் திறக்கும் ஆஜுர்ரூமிய்யா கிதாபை எழுதிய இப்னு ஆஜுர்ரூமும் இந்த இனத்தவரே. அவர் 1323இல் பாஸ் நகரில் வபாத்தானார். அமாஸிக் இனத்தவர் ஒருவர் எழுதிய கிதாபில் நாம் அரபு இலக்கணம் படித்தோம் என்பது எனக்கு எப்போதும் உற்சாகம் தரும் செய்தி.

வீடுகள் கல்லாலும் மண்ணாலும் கட்டப்பட்டவை. தட்டையான கூரை. மரச்சட்டங்களின் மேல் மண் பரப்பியிருப்பார்கள். மலைச்சரிவில் படிப்படியாக வீடுகள் இருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் வீடு எது மலை எது என்று தெரியாது. கீழே வாதுமை, அப்பிள் மரங்களும், படிக்கட்டு வயல்களும். பனி உருகி வரும் நீரை 'தர்கா' எனப்படும் வாய்க்காலில் திருப்பி, இந்த வயலுக்கு இத்தனை நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். மேய்ச்சல் நிலத்துக்கும் ஒழுங்கு உண்டு. பக்கத்திலுள்ள உகைமதன் புல்வெளியில் மார்ச் 15 முதல் ஆகஸ்ட் 10 வரை ஆடுமாடு ஏற்றக்கூடாது என்பது நெடுங்கால வழக்கம். புல் விதை விட்டு முளைக்கட்டும் என்பதற்காக. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் ஒதுக்கப்பட்டிருந்த 'ஹிமா' நிலம் என் ஞாபகத்துக்கு வந்தது.

பள்ளிவாசல் இமாமையும் இப்படித்தான் முறை வைத்துப் பராமரிக்கிறார்கள். ஊராரும் இமாமும் செய்துகொள்ளும் உடன்பாட்டுக்கு 'ஷர்த்' என்று பெயர். அதன்படி தானியமோ பணமோ கொடுப்பதோடு, வீட்டுக்கு வீடு முறை வைத்து அவருக்குச் சாப்பாடும் அனுப்புவார்கள். நம்மூர்களில் லெப்பைக்கும் மௌலவிக்கும் சகன் மூடிச் சாப்பாடு அனுப்பிய வழக்கத்தை உங்கள் உம்மாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். முறை ஊருடையது. சமைப்பது எந்த ஊரிலும் பெண்கள்தான்.

இந்த இடத்தில் ஆண்களாகிய எங்கள் பார்வை நின்றுவிடுகிறது. நாங்கள் விறாந்தையில் புதினாத் தேநீர் குடித்தோம். குசினிக்குள் போக முடிந்தது எங்கள் மனைவிமாருக்குத்தான். ஆகவே அடுத்து வருவது என் மனைவி சொன்னது. அவர் பெண்கள் அரபுக் கல்லூரியில் ஓதியவர். அந்த வீட்டு உம்மாவுக்குத் தஷல்ஹீத் மட்டுமே தெரியும். பாடசாலை விடுமுறைக்கு வந்திருந்த பதின்மூன்று வயது மகள் அரபு பேசினாள். அவள் நடுவில் நின்று பேச்சை மாற்றி மாற்றிச் சொன்னாள்.

அந்த உம்மா ஸுபஹுக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்டி, பார்லி மாவு பிசைந்து ரொட்டி சுட்டிருக்கிறார். விடிந்ததும் பசுவுக்குப் புல் வெட்டப் போய், தன்னைவிடப் பெரிய கட்டை முதுகில் சுமந்துகொண்டு சரிவேறி வந்திருக்கிறார். அதன் பிறகு எங்கள் ஆறு பேருக்கும் பகல் சாப்பாடு. மகள் வீட்டிலிருந்தால் பாதி வேலை குறையும். ஆனால் கிராமத்தில் ஆரம்பப் பாடசாலைதான் உண்டு. மேலே படிக்க அஸ்னிக்கு இறங்க வேண்டும். தினமும் போய்வர முடியாத தூரம். இதனால் மலைக் கிராமங்களின் பெண் பிள்ளைகள் பலரின் படிப்பு பன்னிரண்டு வயதோடு நின்றுபோனது. 2007இல் அஸ்னியில் இத்தகைய பிள்ளைகளுக்கென ஒரு விடுதி திறந்தார்கள். மலை நடைக்கு வருவோரை வைத்துத் தொழில் செய்த சிலரும் அந்த முயற்சியில் இருந்தார்கள். பிறகு வேறு ஊர்களிலும் விடுதிகள் வந்தன.

"மகளை அனுப்பிவிட்டு வேலைக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று என் மனைவி கேட்டார். "நானே செய்கிறேன். அவள் படிக்கட்டும்" என்றாராம் அந்த உம்மா. பேச்சை மாற்றிச் சொல்ல நின்ற பிள்ளை, இதைச் சொல்லும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாளாம்.

சகோதரிகளே, அந்த மலையின் மீது 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பின், 6.8 அளவிலான நிலநடுக்கம் இறங்கியது. 2,900க்கும் மேற்பட்டோர் வபாத்தானார்கள். கல்லும் மண்ணும் பாரமாக விழுந்ததில் உறங்கியவர்கள் தப்ப வழியில்லாமற் போனது. 12ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தின்மல் பள்ளிவாசலும் பெரும் சேதமடைந்தது. முழுதாக இடிந்த வீட்டுக்கு 140,000 திர்ஹம் என அரசாங்கம் உதவி அறிவித்தது. மண் வீடு குளிருக்கு இதம். நிலம் நடுங்கினால் ஆபத்து. கொங்கிரீட் வீட்டுக்குச் செலவு அதிகம். குளிரையும் அது தடுக்காது. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் வீடு கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் கூடாரங்களில் இருந்த நம் கிழக்கு மாகாணச் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இத்தகைய இடத்துக்கு நடைப்பிரயாணம் போவது சரியா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். சரிதான் என்பதே என் பதில். நடந்து வருவோர் தரும் பணத்தில்தான் வழிகாட்டியின் வீட்டிலும் கழுதைக்காரர் வீட்டிலும் அடுப்பெரிகிறது. ஆனால் விருந்தாளிக்கும் கடமை உண்டு. விருந்து மூன்று நாட்கள். வீட்டுக்காரரைச் சிரமத்துக்கு உள்ளாக்கும்வரை தங்குவது ஆகாது என்ற நபிவழி நாம் அறிந்ததே. கூலி கொடுத்துத் தங்கினாலும் அந்த ஒழுக்கம் நம்மைவிட்டு நீங்காது.

ஆகவே போக நினைப்பவர்கள் சிறு கூட்டமாகப் போங்கள். சித்திரை, வைகாசி மாதங்களும், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களும் நல்லவை. கம்பளிச் சால்வையும் பழகிய சப்பாத்தும் வேண்டும். இன்ன சாப்பாடு வேண்டும் என்று கேட்காமல் அவர்கள் உண்பதை உண்ணுங்கள். தண்ணீரை அளவோடு செலவிடுங்கள். அனுமதியின்றிப் பெண்களைப் படம் பிடிக்காதீர்கள். ஆண்கள் விறாந்தையில் இருக்கட்டும். நீங்கள் ஸலாம் சொல்லிக் குசினிக்குள் போங்கள். மாவு பிசையக் கை கொடுங்கள். பாடசாலை போகும் பிள்ளை இருந்தால் என்ன படிக்கிறாள் என்று கேளுங்கள். மலையைப் பற்றி உங்கள் கணவர்மார் ஊருக்கு வந்து நிறையச் சொல்வார்கள். அந்த வீட்டைப் பற்றி உங்களால்தான் சொல்ல முடியும்.