அந்த ரிப்பு எங்கீங்க தம்பி?

"ஒரு சாஃப்ட்வேரை நாங்களே முழுசா எழுதறதில்லைம்மா" என்று சொன்னால் என் அம்மா நம்ப மாட்டார். "அப்புறம் எதுக்குடா உனக்குச் சம்பளம்?" என்பார்.

கல்யாணத்துக்குச் சமையல் மாஸ்டரை அழைத்து வருவது போலத்தான் இது. சாம்பாரை நாம் வைப்பதில்லை. ஆனால் இலை எத்தனை, அடுப்பு எங்கே, பந்தி எத்தனை மணிக்கு என்பதை நாம்தான் சரியாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்லிவிட்டு மாஸ்டரைத் திட்டிப் பயனில்லை. இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்க ஒரு பவுண்டரி வரை போக வேண்டியிருந்தது.

கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் புரோகிராமராக இருக்கிறேன். பம்ப் கேஸிங் போன்ற வார்ப்புகள் அழுத்தத்தைத் தாங்குமா என்று, இரும்பை உருக்கும் முன்பே கணக்குப் போட்டுச் சொல்லும் சாஃப்ட்வேர் எங்களுடையது.

கேஸிங்கின் உருவம் வளைவும் நெளிவுமாக இருக்கும். அதற்கு நேரடியாகக் கணக்குப் போட முடியாது. அதனால் அதைக் கம்ப்யூட்டருக்குள் ஆயிரக்கணக்கான நான்முகிகளாக வெட்டுகிறோம். நான்முகி என்றால் நான்கு முக்கோண முகங்கள் கொண்ட சின்னப் பிரமிடு. ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எங்கே அழுத்தம் அதிகம் என்று தெரிந்துவிடும். இப்படித் துண்டு போடுவதற்கு 'மெஷ்' செய்வது என்று பெயர்.

கேட்க எளிது. செய்வது மகா கஷ்டம். ஊசி போல மெலிந்த துண்டுகள் வந்தால் கணக்கு கெட்டுப்போகும். நல்ல துண்டுகளாக வெட்ட உதவும் விதி ஒன்றை ரஷ்யக் கணித மேதை போரிஸ் டெலோனே 1934-ல் வெளியிட்டார். ஒரு நான்முகியின் நான்கு மூலைகளையும் தொட்டபடி ஒரு கோளம் வரைந்தால், அதற்குள் வேறு எந்தப் புள்ளியும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. ஆனால், சுவரும் துளையும் உள்ள ஓர் உருவத்தில் இந்த விதியை ஒட்டி வெட்டுவதற்குள் கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கும்.

இதை நாமே எழுத உட்கார்ந்தால் வருடக்கணக்கில் ஆகும். எனவே ஏற்கெனவே இருக்கும் 'டெட்ஜென்' என்ற லைப்ரரியைச் சேர்ப்பது என்று முடிவானது. பெர்லினில் உள்ள வயர்ஷ்ட்ராஸ் ஆய்வு நிறுவனத்தில் ஹாங் சி என்பவர் உருவாக்கியது அது.

"ஃப்ரீதானே?" என்றார் எங்கள் முதலாளி. எல்லா முதலாளிகளும் கேட்கும் முதல் கேள்வி.

இலவசம்தான், ஒரு நிபந்தனையோடு. அதன் ஏ.ஜி.பி.எல். உரிமப்படி, அதைச் சேர்த்து ஒரு சாஃப்ட்வேரை வெளியே கொடுத்தால், நம்முடைய மூல நிரலையும் அதே உரிமத்தில் திறந்து கொடுக்க வேண்டும். அதில் விருப்பமில்லாதவர்கள் பணம் கட்டி வணிக உரிமம் வாங்க வேண்டும். முதலாளி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு பணம் கட்டினார்.

என் முதல் தப்பு, அளவில். 'ஒரு துண்டு இவ்வளவுக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது' என்று லைப்ரரிக்குச் சொல்லலாம். கையேட்டில் உதாரணமாக 0.1 என்று பார்த்தேன். அதையே கொடுத்தேன். என் மனதில் கன சென்டிமீட்டர். வரைபடம் இருந்ததோ மில்லிமீட்டரில். லைப்ரரிக்கு மில்லியும் தெரியாது, சென்டியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வெறும் எண்தான். 20 லட்சம் கன மில்லிமீட்டர் உள்ள கேஸிங்கை 0.1 வீதம் வெட்டினால் குறைந்தது 2 கோடி துண்டுகள்! கம்ப்யூட்டர் ஃபேன் ஹெலிகாப்டர் போலச் சத்தம் போட்டுவிட்டு உறைந்து நின்றது. 100 என்று கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது தப்பு, வேகத்துக்கு ஆசைப்பட்டது. ஒரு புள்ளி ஒரு தளத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று துல்லியமாகச் சொல்லும் தனிக் கோப்பு ஒன்று அந்த லைப்ரரியில் உண்டு. நகைக்கடைத் தராசு மாதிரி. வேகப்படுத்தும் வசதியோடு இதை கம்பைல் செய்யாதீர்கள் என்று கையேடு சொல்கிறது. நான் செய்தேன். சில வரைபடங்கள் காரணமே இல்லாமல் தோற்றன. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன்.

மூன்றாவது, தப்பு என்று சொல்ல முடியாது. அது என் குற்றம்.

ஒரு வரைபடத்தில் இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போனால், எது உள்ளே, எது வெளியே என்று லைப்ரரிக்குத் தெரியாது. அப்போது அது வேலையை நிறுத்திவிட்டு 3 என்ற பிழை எண்ணை வீசும். நம் நிரல் அதைப் பிடிக்காவிட்டால் மொத்த சாஃப்ட்வேரும் மூடிக்கொள்ளும். ஒரு வாடிக்கையாளர் முன்னால் அப்படித்தான் ஆனது. திரையில் எதுவுமே இல்லை. முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அன்று இரவே பிழையைப் பிடிக்க நாலு வரி எழுதினேன். பிடித்ததோடு விட்டிருக்கலாம். 3 வந்தால், மோதிக்கொள்ளும் இரண்டு பாகங்களில் சின்னதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முயற்சி செய் என்றும் எழுதினேன். திரையில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. 'அப்புறம் சரி பண்ணிக்கலாம்' என்று நினைத்தேன். அதன் பிறகு எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் படம் அழகாக வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். 'அப்புறம்' வரவே இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு பவுண்டரிக்குப் போனேன். உரிமையாளரின் புது கேஸிங்கைத் திரையில் ஓட்டிக் காட்டினேன். ஃபிளேஞ்ச் கழுத்துப் பக்கம் ரத்தச் சிவப்பு. "அழுத்தம் ஜாஸ்திங்க. சுவரை 2 மில்லி தடியாக்கினா நல்லது" என்றேன். அவரும் தலையாட்டினார். பேட்டர்னை மாற்ற வேண்டும். ஒவ்வொரு வார்ப்புக்கும் கூடுதல் இரும்பு. பேச்சு அந்தக் கணக்குக்குள் போய்விட்டது.

ஓரமாக நின்றிருந்தார் பேட்டர்ன் செய்யும் பெரியவர். மரத்தில் பேட்டர்ன் இழைத்து இழைத்தே வயதானவர். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங் தம்பி, இந்தக் கழுத்துக்குக் கீழ ஒரு ரிப்பு வருமுங்க. நானே இழைச்சேன். அந்த ரிப்பு எங்கீங்க தம்பி?"

ரிப்பு என்பது சுவருக்கு முட்டுக் கொடுக்கும் விலா மாதிரியான பகுதி. வரைபடத்தில் இருந்தது. திரையில் இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. வரைந்தவர் ரிப்பைச் சுவருக்குள் கொஞ்சம் நுழைத்து வரைந்திருக்கிறார். லைப்ரரி '3' என்று கத்தியிருக்கிறது. நான் எழுதிய நாலு வரி அதன் வாயைப் பொத்திவிட்டு, ரிப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கிறது. முட்டுக் கொடுப்பதை எடுத்துவிட்டால் சிவப்பு வராமல் என்ன செய்யும்?

'லைப்ரரியில் ஏதோ கோளாறு' என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தப்பு என்னுதுங்கய்யா" என்றேன்.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இந்த முறை போனது ஒரு முட்டு. அதனால் சிவப்பு காட்டியது, கேள்வி வந்தது. தூக்கிப் போட்டது பாரம் சுமக்கும் ஒரு பிராக்கெட்டாக இருந்திருந்தால், பாரமும் சேர்ந்து போயிருக்கும். திரை முழுக்கப் பச்சை காட்டியிருக்கும். பச்சையை யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினார். பிறகு, அதுவரை சாஃப்ட்வேரில் ஓட்டிய எல்லாக் கோப்புகளையும் மறுபடி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மேலும் இரண்டில் பாகங்கள் காணாமல் போயிருந்தன. நல்லவேளை, இரண்டும் இன்னும் வார்ப்புக்குப் போகவில்லை. அந்த இரண்டு வாடிக்கையாளர்களுக்கும் நானே போன் செய்து சொன்னேன். என் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான இரண்டு போன்கள்.

இப்போது அந்த நாலு வரி இல்லை. பரப்புகள் மோதினால் சாஃப்ட்வேர் நிற்கும். எந்த இடத்தில் மோதுகின்றன என்று வரைபடத்திலேயே அடையாளம் போட்டு, 'இதைச் சரி செய்த பின் தொடரலாம்' என்று தமிழிலேயே சொல்லும். "முன்னெல்லாம் ஒரே கிளிக்ல முடிஞ்சுதே" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் சேர்த்தேன். அந்தப் பெரியவரிடம், வார்ப்பில் ஏதாவது விட்டுப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"மொதல்ல தராசுல வெப்போமுங்க. எடை குறைஞ்சா எங்கியோ ஓட்டைன்னு அர்த்தம்" என்றார்.

இப்போது எங்கள் சாஃப்ட்வேரும் அதைத்தான் செய்கிறது. வரைபடத்தின் கன அளவையும், வெட்டிய துண்டுகளின் மொத்தக் கன அளவையும் ஒப்பிடுகிறது. வித்தியாசம் வந்தால் படத்தையே காட்டாது. அந்தப் பரிசோதனைக்கு நிரலில் நான் வைத்திருக்கும் பெயர் 'தராசு'. ஏன் அந்தப் பெயர் என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் கேட்பார்கள். அப்போதெல்லாம் இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், என் குற்றத்தையும் சேர்த்து.