பிராங்க்ளின் தெரு நீதிமன்றம்

டெக்சஸின் ஹூஸ்டன் நகரத்துப் பிராங்க்ளின் தெருவில் இருபது மாடி உயரக் குற்றவியல் நீதிமன்றம். காலையிலேயே லிஃப்டுக்கு வரிசை நிற்கிறது. தோளில் தூங்கும் பிள்ளையோடு ஒரு பெண். ஓட்டல் சமையல்கட்டுச் சீருடையில் ஓர் ஆள், மணியைப் பார்த்துப் பார்த்துத் தவிக்கிறார். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பிடிவாரண்ட் வரலாம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின் வெள்ளம் இந்தக் கட்டடத்துக்குள் புகுந்தது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. வழக்குகள் மலையாய்க் குவிந்தன.

மேலே அறைக்குள் ஆரஞ்சு உடுப்பில், கைவிலங்கோடு வரிசையாக ஆட்கள். மொழிபெயர்ப்பாளர் அவர்களில் ஒருவனின் காதோரம் குனிந்து ஸ்பானிய மொழியில் சொல்லிக்கொண்டே வருகிறார். பெயர், வழக்கு எண், அடுத்த தேதி, அடுத்த பெயர். வக்கீல் கைதியின் பெயரைக் கோப்பைப் பார்த்தே சொல்கிறார். கடைசி பெஞ்சில் ஒரு தாய். மகன் திரும்பிப் பார்க்கிறான். இவள் கை பாதி உயர்ந்து அப்படியே நிற்கிறது. கையசைக்க இங்கே அனுமதி இல்லை.

மேடையில் கறுப்பு அங்கி. அந்த நாற்காலி மக்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்தது. இந்த நீதிமன்றம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்போது 47 லட்சம் பேர். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நீதிபதிகளும் கட்சியின் பெயரோடு தேர்தலில் நிற்கிறார்கள். வாக்குச்சீட்டோ மிக நீளம். நீதிபதிகளின் பெயர்கள் அதன் அடிப்பகுதியில். அத்தனை பேரையும் விசாரித்துத் தெரிந்துகொண்டு ஓட்டுப் போட யாரால் முடியும்? 2018 நவம்பரில், ஒரே குறியில் ஒரு கட்சியின் வேட்பாளர்கள் அனைவருக்கும் வாக்களிக்கும் முறை இருந்தது. குடியரசுக் கட்சி நீதிபதிகள் கூண்டோடு தோற்றார்கள். ஜனநாயகக் கட்சி நிறுத்திய கறுப்பினப் பெண்கள் 19 பேரில் 17 பேர் நீதிபதிகளானார்கள். தோற்ற மறுநாள் காலை, சிறார் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தன் முன் வந்த பிள்ளைகளிடம், வெளியே விட்டால் யாரையாவது கொல்வாயா என்று கேட்டு, ஏறக்குறைய எல்லோரையும் விடுவித்தார். முதல் நாள் வரை அடைத்து வைக்க இருந்த காரணம் ஒரே இரவில் எங்கே போனது?

சில்லறைக் குற்றத்தில் பிடிபட்டவர் காசில்லாத ஒரே காரணத்தால் உள்ளே கிடந்த கதையும் இந்தக் கவுண்டியுடையதுதான். செல்லாத உரிமத்தோடு வண்டி ஓட்டிய இளம் தாய் ஒருத்திக்கு 2,500 டாலர் ஜாமீன் கேட்டார்கள். அவள் வழக்கில் 2017இல், காசில்லாதவரை அடைத்து வைக்கும் அந்த ஜாமீன் முறை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தவர் லீ ரோசன்தால். அவர் மத்திய நீதிபதி, ஆயுட்கால நியமனம். யாரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. கவுண்டியின் பழைய நீதிபதிகளில் பெரும்பாலோர் எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2018 தேர்தல் அலையில் வந்தவர்கள் அதைக் கைவிட்டு, மறு ஆண்டே சமரசத் தீர்வுக்கு இணங்கினார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அலை வேறு பக்கம் அடித்திருந்தால்?

இன்னொரு பெயர் கூப்பிடுகிறார்கள். ஓர் இளைஞன் எழுந்து மேடையைப் பார்க்கிறான். இவன் சிறையில் இருப்பதும் வீடு போவதும் வழக்கின் தன்மையைப் பொறுத்தே அமைய வேண்டும். டெக்சஸ் மாநிலம் நீதிபதிகளின் பெயரோடு ஒட்டியிருக்கும் கட்சி அடையாளத்தை முதலில் எடுத்துவிடட்டும்.