நார்க்காய் மரம்

தாண்டிக்குடி மலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு வெண்ணெய்ப்பழ மரங்கள் நின்றன. இப்போது ஒன்றுதான் நிற்கிறது. மற்றதை வெட்டியது நான். 2016 ஐப்பசியில், அத்தை வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து வெட்டினேன்.

அத்தை என்றால் என் மாமியார். அந்த மரம் அவர் கொட்டை ஊன்றி வளர்த்தது. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போன காலத்தில், கீழே விழுந்து கிடந்த ஒரு காயை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருக்கிறார். பழுத்ததும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கொட்டையைத் தொட்டியடியில் வைத்தாராம். நான் மருமகளாக வந்தபோது அது ஓட்டுக்கு மேலே கிளை பரப்பி நின்றது. காய் நீளமாக, கழுத்து மெலிந்து, சுரைப்பிஞ்சு மாதிரி இருக்கும். பழுத்தால் நார் நாராக வரும். சதை கொஞ்சம், கொட்டை பெரிசு. வத்தலக்குண்டிலிருந்து வருகிற வியாபாரி கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடையிலேயே வைத்துவிடுவார். 'நார்க்காய்' என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வோம்.

இன்னொன்று நான் வைத்த ஒட்டுக்கன்று. நாலாவது வருஷமே காய்க்கத் தொடங்கியது. காய் உருண்டையாக இருக்கும். வெட்டினால் கத்தியில் வெண்ணெய் மாதிரி ஒட்டும். பிள்ளைகளுக்குப் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துக் கொடுத்தது போக, மீதியை வியாபாரிக்குக் கொடுப்பேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒவ்வொரு பறிப்பையும் ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பேன். 2015-ல் 340 காய். மகளின் விடுதிக் கட்டணத்தில் ஒரு பகுதியை அந்த மரம் கட்டியது. என் மரம், என் மரம் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன்.

என் மரத்துக்கு மேற்கே இருபது அடி தள்ளி நின்ற நார்க்காய் மரம் பிற்பகல் வெயிலை மறைத்தது. அது போய்விட்டால் இன்னும் ஐம்பது காயாவது கூடும் என்று நோட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அத்தையிடம் இரண்டு தடவை பேச்சை எடுத்தேன். இரண்டு தடவையும் ஒரே பதில்தான். "அது பாட்டுக்கு நிக்கட்டும் தாயி. ஒன்ன என்ன பண்ணுது?"

மலையில் மரம் வெட்டச் சட்டப்படி அனுமதி வேண்டும். எழுதிக் கொடுத்து, அலைந்து, அதை வாங்கினேன். அத்தையிடம் வாங்கவில்லை. நாத்தனார் மகளின் பிரசவத்துக்கு அவர் நிலக்கோட்டை போயிருந்த வாரத்தில் ஆள் வைத்தேன். மெத்தென்ற மரம், அரை நாளில் முடிந்துவிட்டது. அடிக்கட்டையிலிருந்து மாதம் திரும்புவதற்குள் சிவப்பாகத் துளிர் கிளம்பியது. அதையும் விடவில்லை. சருகைக் குவித்து அதன் மேலேயே தீ வைத்தேன்.

ஊரிலிருந்து வந்த அத்தை புழக்கடைக் கதவில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். சண்டை போடுவார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை மத்தியானங்களில் பின்பக்கத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். அன்றிலிருந்து முன் திண்ணைக்கு மாறிவிட்டார். கவனித்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2017-ல் 150 காய். வெண்ணெய்ப்பழம் ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் மறு வருஷம் குறைக்கும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று இருந்துவிட்டேன். 2018-ல் கூட வேண்டியது இன்னும் குறைந்து 95 ஆனது. அந்த நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையையும் உலுக்கிவிட்டுப் போனதால், 2019-ன் 70 காய்க்குப் புயல் காரணமானது. தொழு உரம் வைத்தேன், பூ நேரத்தில் நுண்ணூட்டம் தெளித்தேன், தேனீப் பெட்டி ஒன்று வாங்கி மரத்தடியில் வைத்தேன். தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.டி. 1 என்ற வெண்ணெய்ப்பழ ரகத்தையே வெளியிட்ட இடம். பஸ் ஏறிப் போய் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாததா என்று இருந்தேன்.

2020 மாசியில் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒட்டுக் கட்ட வந்த பெரியவர் ஒருவர் எங்கள் வேலியோரம் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார். இலை தெரியாமல் பூத்திருந்தது. தேனீக்களின் இரைச்சல் வாசல் வரை கேட்டது. "இவ்வளவு பூத்தும் நிக்க மாட்டேங்குதுங்கய்யா" என்றேன்.

"இது கூட வேற மரம் ஏதும் இருந்துச்சாம்மா?"

இருந்தது என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு ஒருக்கா பூவைப் பாருங்க. மூணு மணிக்கு மறுபடி பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நாற்காலி போட்டு ஏறி ஒரு பூங்கொத்தை வளைத்தேன். வெண்ணெய்ப்பழப் பூ சுண்டுவிரல் நகத்தளவுதான். பச்சையும் மஞ்சளும் கலந்த ஆறு இதழ். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணருகே கொண்டுவந்தேன். நடுவில் ஒரே ஒரு தண்டு நிமிர்ந்து நின்றது. அதன் நுனி ஈரமாக மின்னியது. சுற்றியிருந்த ஒன்பது மகரந்தக் கம்பிகளும் இதழோடு இதழாகப் படுத்துக் கிடந்தன. விரலால் தடவினேன். தூள் ஒட்டவில்லை. அடுத்த பூவும் அப்படி. அதற்கடுத்ததும். இருபது, முப்பது பூ பார்த்திருப்பேன். எல்லாமே பெண் பூ. தேனீக்கள் என் கையைச் சுற்றிப் பூவுக்குப் பூ தாவின. அவற்றின் காலில் கொண்டுவர ஒன்றுமில்லை.

மத்தியானத்துக்குள் அத்தனையும் மூடிக்கொண்டன. மூன்று மணிக்குப் போனபோது வேறு பூக்கள் விரிந்திருந்தன. இப்போது ஒன்பது கம்பிகளும் எழுந்து நின்றன. தொட்டதும் விரலில் மஞ்சள் தூள். நடுத்தண்டின் நுனி வாடிக் கறுத்திருந்தது. நேற்றுக் காலையில் பெண்ணாக விரிந்து மூடியவைதான் இன்று பிற்பகல் ஆணாக விரிந்திருக்கின்றன. ஒரு பூ இரண்டு தடவை விரிகிறது. ஆனால் என் மரத்தில் பெண் விரிகிற வேளையில் ஆண் இல்லை, ஆண் விரிகிற வேளையில் பெண் இல்லை. குளிர், மேகமூட்டம் என்று பொழுது தடுமாறுகிற சில நாட்களில் இரண்டும் கொஞ்சம் கலக்கும். அந்த எழுபது காய் அப்படி வந்ததுதான்.

நாற்காலியில் நின்றபடியே மேற்கே திரும்பினேன். இருபது அடி தள்ளித் தரை கரிந்து கிடந்தது. வெண்ணெய்ப்பழத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று காலையில் பெண்ணாகவும் மறுநாள் பிற்பகலில் ஆணாகவும் விரியும். மற்றது பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். நார்க்காய் மரம் அந்த இரண்டாவது வகையாக இருந்திருக்கிறது. என் மரம் காலையில் கண் திறக்கும்போதெல்லாம், அது மகரந்தத்தோடு விரிந்து நின்றிருக்கிறது. 340 காயையும் என் மரம் என்ற தலைப்பில் எழுதி வைத்திருந்தேன். இறங்க முடியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் திண்ணைக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூ, காலை, பிற்பகல், நோட்டில் குறைந்துகொண்டே வந்த எண்கள். வெற்றிலையின் நரம்பைக் கிள்ளியபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "வெட்டுறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல தாயி." காயைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

கொட்டையிலிருந்து வருகிற எந்த வெண்ணெய்ப்பழ மரமும் தாய் மரத்தின் அச்சாக இருக்காது. ஒவ்வொன்றும் தனி. அதே மரம் வேண்டுமென்றால் அதன் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்ட வேண்டும். கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் 1926-ல் கொட்டையிலிருந்து வளர்த்த செடி ஒன்றில் ஒட்டு பிடிக்கவேயில்லை. வெட்டிவிடலாம் என்று நினைத்தவரை, ஒட்டுக் கட்ட வந்தவர் தடுத்து, அது பாட்டுக்கு வளரட்டும் என்றாராம். இன்று உலகமெங்கும் விற்கிற ஹாஸ் ரகம் முழுக்க அந்த ஒரே மரத்தின் குச்சிகளிலிருந்து பெருகியது. தாய் மரம் வேரழுகல் வந்து 2002-ல் பட்டுப்போயிற்று. இதைப் படித்த இரவு எனக்கு ஞாபகம் வந்தது நான் தீ வைத்த அந்தச் சிவப்புத் துளிர்தான். ஒரு குச்சி மிஞ்சியிருந்தால் போதும்.

2021 மாசியில் தினமும் மூன்று மணிக்குக் கிளம்பிப் பக்கத்துத் தோட்டங்களில் பூத்த மரமாகத் தேடினேன். பிற்பகலில் கம்பிகள் படுத்து, நடுத்தண்டு மின்னுகிற பூ வேண்டும். பெரும்பாறை போகிற பாதையில் ஒரு காப்பித் தோட்டத்துக்குள் கிடைத்தது. காய் சுமார்தான் என்றார்கள். பரவாயில்லை என்றேன். தனி மரமாக வளர்த்துக் காத்திருக்க அத்தைக்கு வயதில்லை. அதனால் என் மரத்தின் தாழ்ந்த கிளைகளில் நான்கை வெட்டி, பெரியவர் பென்சில் கனக் குச்சிகளை ஆப்பாகச் சீவிச் செருகி, பாலிதீன் நாடா சுற்றினார். மூன்று கருகிப் போயின. மேற்குப் பக்கத்துக் கிளையில் ஒன்று பிடித்தது.

2024 தையில் அந்தக் கிளை முதன்முதலாகப் பூங்கொத்து விட்டது. மூன்று மணி ஆகக் காத்திருந்தேன். கிளையை வளைக்கக் கை நீட்டியவள் நீட்டியபடியே விட்டுவிட்டு, முன் திண்ணைக்குப் போனேன். அத்தைக்கு இப்போது நடக்கக் கை பிடிக்க வேண்டும். வீட்டைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக, பின்பக்கம் கூட்டி வந்தேன். துவைக்கிற கல்லைப் புடவைத் தலைப்பால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"வளை, பாப்போம்" என்றார்.