ஆச்சி வீட்டுக்கு எத்தனை டோல்கேட்?

பொதிகை எக்ஸ்பிரஸில் நாலு பெர்த் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையே பிறந்திருக்காது. ராத்திரி எழும்பூரில் ஏறிப் படுத்தால் காலையில் தென்காசி. பிள்ளைகள் தூங்கியே 600 கிலோமீட்டருக்கு மேல் கடந்திருப்பார்கள். ஆனால் காலாண்டு லீவுக்கு ரிசர்வேஷன் திறந்த அன்று, எனக்கு ஓ.டி.பி. வந்து சேருவதற்குள் ரயில் நிரம்பிவிட்டது. முன்பெல்லாம் 120 நாள் முன்னாலேயே திறப்பார்கள். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். குறைந்தது நாள்தான். என்னோடு மல்லுக்கட்டும் தென்காசிக்காரர்கள் ஒருத்தர்கூடக் குறையவில்லை!

"கார்லயே போயிடலாமேங்க" என்றாள் மனைவி, ஏதோ மாம்பலம் வரை போவது மாதிரி.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு எட்டு வயசு. சின்னவளுக்கு மூன்றரை. இவர்களை வைத்துக்கொண்டு அடையாறிலிருந்து தாம்பரம் போய்ச் சேருவதற்குள்ளேயே எனக்கு ஒரு வயசு கூடிவிடும். இருந்தாலும் 'பொங்கலுக்குப் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடக்கூடிய பயணம் இல்லை இது.

காரணம், அத்தை. என் அப்பாவின் அக்கா. அப்பா காலமான பிறகு அந்தத் தலைமுறையில் எங்களுக்கு மிச்சம் இருப்பது அவர் ஒருத்தர்தான். அவருக்குக் கண்ணில் க்ளாக்கோமா. இது ஒரு திருட்டு வியாதி ஸார். பெரும்பாலும் வலி இருக்காது, கண் சிவக்காது. பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். முதலில் ஓரப் பார்வை போகும். நேர் எதிரே இருப்பது தெரிவதால், போனதே பல பேருக்குத் தெரியாது. போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து, ஆபரேஷன் எல்லாமே மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான். அத்தைக்கு இப்போது குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டம்தான் தெரிகிறது.

வீடியோ காலில் காட்டலாமே என்பீர்கள். காட்டினோம். சின்னவள் போனுக்கு முன்னால் ஒரு விநாடி நிற்பாள், மறு விநாடி சோபாவுக்கு அடியில் இருப்பாள். அத்தையின் வட்டத்துக்குள் எங்கள் சீலிங் ஃபேன்தான் அதிக நேரம் இருந்தது.

"கைக்குழந்தையா இருக்கையில பாத்தது. இருக்கிற வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளை முகத்தைப் பாத்துக்கிடுதேம்யா" என்றார் அத்தை. அப்புறம் ஒரு கண்டிஷன்: "பொழுது இருக்கையிலேயே வந்திரு. ராத்திரி வந்தா எனக்கு ஒண்ணும் வெளங்காது."

ஆக, சனிக்கிழமை மாலை ஆறுக்குள் தென்காசி. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் முடியும். கூகுள் மேப்பும் முடியும் என்றது. கூகுளுக்குக் குழந்தைகள் கிடையாது.

டிக்கியில் பெட்டி, தலையணை, இரண்டு நாளைக்குள் நாலு பேர் போடவே முடியாத அளவுக்குத் துணி. ஸ்டெப்னியை எடுக்க வேண்டி வந்தால் ரோட்டோரத்தில் ஒரு குடும்பமே நடத்தலாம். மடியில் எண்ணெய் தடவிய இட்லி. சின்னவள் முன்சீட்டில் அம்மா மடியில்தான் உட்காருவேன் என்று பெருங்குரலெடுத்தாள். முடியாது என்றேன். பிரேக் போட்டால் மடிப்பிள்ளையை எந்த அம்மாவாலும் பிடித்து நிறுத்த முடியாது. சட்டமும் விடாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயசு ஆகாத பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் உட்காரவைத்தால் 1,000 ரூபாய். பின்சீட்டில் அவளுக்கு ஒரு சிம்மாசனம் கட்டினோம். அபார்ட்மென்ட்டில் லைட் எரியாத வீடுகளிலும் எரிய ஆரம்பித்தது. கிளம்பினோம்.

செங்கல்பட்டு கொளவாய் ஏரியில் விடிந்தது. அழகான விடியல். பின்சீட்டில் அதைப் பார்த்தவர் யாருமில்லை. இரண்டு தலைகளும் ஒரே போனுக்குள் இருந்தன.

திண்டிவனம் தாண்டியதும் பெரியவன் "அப்பா, ஒரு மாதிரி இருக்கு" என்றான். 'ஒரு மாதிரி' என்பதற்கும் சம்பவத்துக்கும் நடுவே நமக்குக் கிடைப்பது சுமார் பத்து விநாடி. நான் காரை ஓரங்கட்ட எட்டு விநாடி ஆனது. மீதி இரண்டில் கதவு திறக்கவில்லை.

காரில் வாந்தி வருவதற்கு மனைவி வீட்டு இட்லி காரணம் இல்லை (இதை எழுத்தில் பதிவு செய்யும்படி எனக்கு உத்தரவு). காதுக்குள்ளே இருக்கிற சமநிலை உறுப்பு 'ஓடிக்கொண்டிருக்கிறோம்' என்று மூளைக்கு ரிப்போர்ட் அனுப்புகிறது. போனைப் பார்க்கிற கண்ணோ 'உட்கார்ந்துதான் இருக்கிறோம்' என்கிறது. இரண்டு டிபார்ட்மென்ட்டும் மாற்றி மாற்றி ரிப்போர்ட் அனுப்பினால் ஆபீஸில் என்ன ஆகும்? சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள்தான் மாட்டுவான். இங்கே வயிறு. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு இது அதிகம். வைத்தியம் ரொம்பச் சுலபம்: போனை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலை லேசாக இறக்கி, தூரத்தைப் பார்க்கச் சொல்வது.

போன் உள்ளே போனது. கேள்விகள் வெளியே வந்தன.

"நாம யாரைப் பார்க்கப் போறோம்?"

"ஆச்சியை."

"ஆச்சின்னா மசாலாதானேப்பா?"

தென்காசிப் பக்கம் பாட்டியை ஆச்சி என்போம் என்று விளக்கினேன். அப்பாவுடைய அத்தை உனக்குப் பாட்டி முறை. அவர் பையன் எனக்கு அத்தான், உனக்கு மாமா. அத்தான் பெண்டாட்டி எனக்கு அக்கா முறை, உனக்கு அத்தை.

"உனக்கும் அத்தை இருக்காங்க, எனக்கும் அத்தை இருக்காங்க, ஆனா வேற வேற ஆளா?"

"ஆமா."

"ஏம்ப்பா இவ்வளவு கஷ்டப்படணும்? அங்கிள், ஆன்ட்டி போதுமே!"

அவன் சொல்வதும் ஒரு கணக்கில் நியாயம்தான். எங்கள் அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேனிலிருந்து செகரெட்டரி வரை எல்லோரும் அங்கிள். எக்சைஸ், வாட், சர்வீஸ் டாக்ஸ் எல்லாவற்றையும் 2017-ல் ஜி.எஸ்.டி. விழுங்கியதே, அதுபோல மாமா, சித்தப்பா, பெரியப்பா அத்தனை பேரையும் 'அங்கிள்' விழுங்கிவிட்டது. இதை ஒரு ஜோக்காக மனைவியிடம் சொன்னேன். "நீங்க வந்த ரோடே ஜி.எஸ்.டி. ரோடுதானே" என்றாள். அது கிராண்ட் சதர்ன் ட்ரங்க், வேறு ஜி.எஸ்.டி. என்று நான் ஆரம்பிப்பதற்குள் விக்கிரவாண்டி டோல்கேட் வந்துவிட்டது.

பெரியவனுக்குக் கிலோமீட்டர் புரியவில்லை. டோல்கேட் புரிந்தது. "ஆச்சி வீட்டுக்கு இன்னும் எத்தனை டோல்கேட்?" செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று எண்ணிக்கொண்டே வந்தான். முன்பு ஒவ்வொன்றிலும் சில்லறைக்கு நிற்போம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் தானாகவே கொடுத்துவிடுகிறது. கொடுத்த சேதி மட்டும் போனில் டிங் என்று வரும். நான் பி.காம். ஒவ்வொரு டிங்குக்கும் மனசுக்குள் ஒரு டெபிட் என்ட்ரி விழும்.

ஆனால் நம்மைத் தாமதப்படுத்துவது டோல்கேட் இல்லை. ஒன்-பாத்ரூம்! பெரியவனுக்கு வரும்போது சின்னவளுக்கு வராது. அவனை முடித்து, பெல்ட் மாட்டி, நாலாவது கியர் போட்டதும் அவளுக்கு வரும். விராலிமலை பக்கம் மயில் தெரிகிறதா என்று ஒரு தடவை நிறுத்தினோம். துவரங்குறிச்சி தாண்டி ஒரு புளிய மரத்தடியில் தயிர் சாதம். மதுரையைச் சுற்றி, திருமங்கலத்தில் வலது பக்கம் திரும்பியபோது மணி நாலு. கண்ணாடி வழியே மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாட்ச்சைப் பார்த்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா. அதற்கு நிற்காமல் போனால் அத்தை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். அங்கிருந்து வலது பக்கம் கூடவே மலை வரும். "மலைக்கு அந்தப் பக்கம் என்ன?" கேரளா. "நாம இருட்டுக்குள்ள போயிடுவோமா?" இதைக் கேட்டதும் பெரியவன்தான். அத்தை கண் விஷயத்தை அவனுக்கு நான் சொல்லவில்லை. போன் பேசும்போது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

ராஜபாளையத்தில் ஒரே நெரிசல். மலையோரத்து ஊர்களில் சூரியனும் சீக்கிரமே டூட்டி முடித்துவிடும். வாசுதேவநல்லூரில் வெளிச்சம் மஞ்சளானது. புளியங்குடியில் லாரிகள் ஹெட்லைட் போட்டன. கடையநல்லூரில் நானும் போட்டேன். பின்சீட்டில் யாரும் எத்தனை டோல்கேட் என்று கேட்கவில்லை.

தென்காசிக் கோபுரம் தெரிந்தபோது அதன்மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்ன வயசில் நான் அண்ணாந்து பார்த்த கோபுரம். 1924-ல் தீயில் போனதை 1990-ல்தான் திரும்பக் கட்டி முடித்தார்கள்.

வாசலிலேயே நின்றிருந்தார் அத்தை. "வந்துட்டியளா?" என்று கேட்டது எங்களுக்கு ஒரு கை தள்ளி இருந்த தூணைப் பார்த்து. பெரியவன் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னவள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை அவள் உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார்.

"இந்த லைட்டுல எனக்கு ஒண்ணும் தெரியல. காலையில பாத்துக்கிடுதேன். மொதல்ல சாப்பிடுங்க."

அன்றிரவு பட்டாசலில் பாய் விரித்துப் படுத்தோம். அத்தை படுத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

காலை ஏழு மணிக்குத் தார்சாவில் நல்ல வெயில். ஒரு ஸ்டூலைப் போட்டு முதலில் பெரியவனை உட்காரவைத்தார். முகத்துக்கு ஓர் அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, தலையை மெல்ல மெல்ல அசைத்து, நெற்றி, புருவம், மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருட்டறையில் சின்ன டார்ச் அடித்துத் தேடுவது மாதிரி. "காது எங்க தம்பி காது. நல்ல விரிஞ்ச காது" என்றார். அப்பாவின் காது.

அடுத்தது சின்னவள். அத்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதான் மசாலா ஆச்சியா?" என்றாள். அத்தான் பெண்டாட்டி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஆமா தாயி. மசாலா எல்லாம் அம்மியில இருக்கு. கொஞ்சம் ஆடாம இரி. நான் இன்னும் மூக்குக்கே வரல."

அவள் ஆடினாள். அத்தையும் விடாமல் தேடித் தேடி வந்தார். நெற்றியில் விபூதி இட்ட இடம், மூக்கு, மேலுதட்டில் பால் மீசை, கன்னத்தில் கொசு கடித்த தடம், வலது காது.

"ம்... அந்தப் பக்கம் திரும்பு. இன்னொரு காதைப் பாக்கல."

சின்னவள் திரும்பி உட்கார்ந்தாள்.