அஜ்மல்கான் சாலையில் ஒரு மாலை

தில்லித் தமிழருக்குக் கரோல்பாக் அந்நியமான பேட்டையன்று; நம்மவர் பலர் தலைமுறைகளாகக் குடியிருந்த இடம். அதன் பெரிய கடைவீதி அஜ்மல்கான் சாலை. வாகன நெரிசலும் புகையும் மிகுந்த அவ்வீதியில், பூசா சாலை முதல் ஆரிய சமாஜ் சாலை வரை, மோட்டார் வண்டிகளை விலக்கி, நடப்போருக்கென ஒதுக்கியது அப்போதைய வடதில்லி மாநகராட்சி. அது 2019 மே மாதம்.

அவ்வாண்டுக் கார்த்திகையில் குடும்பத்துடன் அங்குச் சென்றோம். குளிர் பிறந்தால் எங்கள் மகளுக்கு இளைப்பு கண்டுவிடும். முன்பெல்லாம் அவள் வாயை முந்தானையால் பொத்தியே அவ்வீதியைக் கடப்போம். அன்றோ, எங்கள் கையை உதறிவிட்டு ஓடினாள், கண்டு மகிழ்ந்தோம்.

திரும்புகையில் பக்கத்துச் சந்தில் நுழைந்தோம். வீதியில் இடமிழந்த வண்டிகள் அங்கே நெருக்கியடித்து நின்று உறுமின. ஓடும் வண்டியைவிட ஊர்ந்து செல்லும் வண்டி, அதே தொலைவுக்கு மிகுதியான புகையைக் கக்கும். குளிர்காலத்தில் காற்றும் அசைவற்றுவிட, புகை மேலெழாது தரையோடு தங்கும். மகள் இருமத் தொடங்கினாள்.

அச்சந்தில் நின்ற வண்டிகளுள் எங்கள் ஸ்கூட்டரும் ஒன்று!

மாநகராட்சி வீதிக்குத் தடுப்பு வைக்கலாம்; காற்றுக்கு வேலியிட இயலுமோ? 2005 முதல் அருகிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தும் ரயிலை மறந்தோமே என நாணினோம். அன்று முதல் கடைவீதிக்கு மெட்ரோவில்தான் செல்கிறோம்.