வேதக்காரனும் கோயில் வாயிலும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே கிறிஸ்தவனைக் குறிக்க வழங்கும் சொல் 'வேதக்காரன்' என்பதாகும். வேதம் என்னும் சொல் சைவர்க்கும் உரியதாயிருக்க, அது விவிலியத்தைக் கைக்கொண்டோர்க்கு மட்டும் பட்டமாயது எவ்வாறு என்பது சொல்லாராய்ச்சியாளர் விடைகாண வேண்டிய வினா. சொல்லிலே இழிவு எதுவுமில்லை. சொல்லப்படும் தொனியிலே இழிவும் உண்டு, ஐயமும் உண்டு, சிலவேளைகளில் அன்பும் உண்டு. "அவை வேதக்காரர்" என்று ஒரு திருமணப் பேச்சின் நடுவே எவரேனும் சொல்வாராயின் அப்பேச்சு அவ்விடத்திலேயே முடிந்துவிடும். ஒரு வைத்தியரின் நேரந்தவறாமையைப் பற்றிய உரையாடலிலே அதே வார்த்தைகள் வருமாயின் அவை நற்சான்றாகிவிடும்.

பேராதனையிலே அரசியல் விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன் இச்சொல்லோடு வளர்ந்தவன். தெல்லிப்பழையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். நான்கு தலைமுறையாகப் புரட்டஸ்தாந்து மதம். இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தைச் சேர்ந்தோர். முதலாம் வருடத்திலே விடுதித் தோழர்கள் அவனிடம் கேட்ட வினாக்கள் பகைமையாற் பிறந்தவையல்ல. "நீர் பொங்கலுக்கு என்ன செய்வீர்?" என்றான் ஒருவன். பொங்குவோம் என்று பதில் சொன்னபோது அவன் வியப்படைந்தான். "உங்கட ஆக்கள் சோத்துக்கும் இங்கிலீசுக்குந்தானே மாறினவை?" என்றான் இன்னொருவன். இவ்வினாவுக்கு அம்மாணவனிடம் ஆயத்தமான மறுமொழி ஒன்றிருந்தது. அவனுடைய தந்தையும் பெரியப்பாவும் தங்கள் இளமையிலே பயன்படுத்திய மறுமொழிதான் அது: "அப்படியெண்டால் தந்தை செல்வா யார்?"

சோற்றுக்கும் ஆங்கிலத்துக்கும் என்ற குற்றச்சாட்டிலே உண்மையின் பங்கு இல்லையென்று அவன் வாதாடுவதில்லை. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலே பள்ளிக்கூடம் திறந்தபோது அங்கு சென்றவர்கள் யாவரும் இரட்சிப்பை நாடியே சென்றனர் என்று கூறுதல் மிகை. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்றோர் உத்தியோகத்துக்கும் போனார்கள். பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர் அம்மதத்தைக் கண்டிப்பதில் முன்னின்றார். வட்டுக்கோட்டையிலே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சைவத்துக்கே மீண்டார். தமிழ்நூற் பதிப்பிலே அவர் செய்த பணியை எந்த மதத்தின் கணக்கிலே எழுதுவது? மதமாற்றம் என்பது ஒரு வழிப் பாதையாக ஒருபோதும் இருந்ததில்லை. இதனை அறிந்தவனுக்கு வசை பெரிதாக உறைப்பதில்லை.

ஆனால் தந்தை செல்வா என்ற மறுமொழி அவனுக்கு உறுதியானதொரு கேடயமாகவே இருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. 1898 இல் மலாயாவின் ஈப்போவிலே பிறந்து, தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலே கற்ற சா. ஜே. வே. செல்வநாயகம், சைவர் மிகப் பெரும்பான்மையினராக வாழும் காங்கேசன்துறைத் தொகுதியிலே 1947 இல் வென்றார். 1952 இல் தோற்றார். 1956 தொடக்கம் 1970 வரை நடந்த பொதுத்தேர்தல்கள் யாவற்றிலும் வென்றார். 1972 இன் குடியரசு அரசியலமைப்பை எதிர்த்துப் பதவி துறந்து, 1975 இன் இடைத்தேர்தலிலே மீண்டும் வென்றார். வேதக்காரன் என்று சொல்லி அவரை எதிர்த்தவர்கள் இல்லாமலில்லை; வாக்காளர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கொழும்பின் பரி. தோமாவின் கல்லூரியிலே அவர் பயின்ற காலத்திற் பயின்ற இன்னொருவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. அங்கிலிக்கன் குடும்பத்திலே பிறந்த பண்டாரநாயக்க பௌத்தரானார். செல்வநாயகமோ, சைவராயின் தமக்கு அரசியல் எளிதாகும் என்பதை அறிந்திருந்தும் தாம் பிறந்த சபையிலேயே இறுதிவரை இருந்தார். 1957 இலே இவ்விருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் மறுவருடமே கிழித்தெறியப்பட்டது. அதனைக் கற்கும்போதெல்லாம், மேசையின் இருபுறமும் இருந்தோர் இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்களே என்ற எண்ணம் அம்மாணவனுக்கு வந்து போகும். நூல்கள் அதனைப் பெரிதாகப் பேசுவதில்லை.

இக்கேடயத்திலே கீறல் விழுந்தது இறுதி வருட ஆய்வுக்காக 1968 ஆம் ஆண்டின் செய்திகளை அவன் திரட்டத் தொடங்கிய பின்னரேயாம். அவ்வாண்டிலே இரண்டு கோயில்கள் தமிழர் அரசியலுட் புகுந்தன. ஒன்று திருகோணமலைக் கோணேசர் கோயில். அதன் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய, உள்ளூராட்சி அமைச்சராயிருந்த தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் ஒரு குழுவை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவரின் ஆட்சேபனையை அடுத்துப் பிரதமர் டட்லி சேனநாயக்க அக்குழுவை நிறுத்திவைத்தார். திருச்செல்வம் பதவி துறந்தார். கட்சியும் பின்னர் அரசைவிட்டு விலகியது. கிறிஸ்தவர் ஒருவர் தலைமை தாங்கிய கட்சி, ஒரு சிவன் கோயிலின் பொருட்டு அமைச்சுப் பதவியை இழக்கத் துணிந்தது.

மற்றையது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். தெல்லிப்பழையிலிருந்து இரண்டொரு மைல் தொலைவு. செல்வநாயகத்தின் சொந்தத் தொகுதி. தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டு அவ்வாண்டின் திருவிழாக் காலத்திலே வாயிலிற் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களைத் தடுத்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்ட்டிலே கற்றவர், கணிதப் பேராசிரியராயிருந்தவர், அமைச்சராகவும் இருந்தவர். கல்வி சாதியைக் கரைத்துவிடும் என நம்புவோர் அவ்வாயிலை ஒருகணம் மனக்கண்ணிற் கொணர்தல் நன்று. 1957 இன் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின்கீழ் சுந்தரலிங்கத்தின்மேல் தொடரப்பட்ட வழக்கு இலண்டனின் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது.

அப்போது செல்வநாயகம் என்ன செய்தார்? சாதியை ஆதரித்தார் என்று அவருடைய எதிரிகளும் கூறமாட்டார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பது அவருடைய கட்சியின் கொள்கை. ஆயினும், தாம் கிறிஸ்தவராயிருக்கையிற் சைவக் கோயிலொன்றின் உள்விவகாரத்திலே முன்னின்று பேசுவது தகாது என்ற தயக்கம் அவருக்கு இருந்தது என்பர். இத்தயக்கத்தை இகழ்தல் எளிது. அவர் வாயிலுக்குச் சென்றிருப்பின், "வேதக்காரன் எங்கள் கோயிலைக் கெடுக்க வந்தான்" என்ற கூச்சல் எழுந்திருக்கும். உள்ளே செல்ல விரும்பிய மக்களுக்கே அது தீங்காய் முடிந்திருக்கலாம். இவ்வளவையும் அம்மாணவன் தன் குறிப்பேட்டிலே எழுதினான். எழுதியபின் அவனுக்கு அமைதி கிட்டவில்லை. கோணேசர் கோயிலின் பொருட்டுக் கட்சி அரசோடு முரண்பட்டபோது தலைவரின் மதம் குறுக்கே நிற்கவில்லை. மாவிட்டபுரத்திலே மட்டும் அது குறுக்கே நின்றது. முன்னதிலே தடுத்தவர் சிங்களப் பிரதமர். பின்னதிலே தடுத்தவர் தமிழ் வாக்காளர். வேற்றுமை மதத்திலேயா இருந்தது?

ஞாயிறு வகுப்பிலே சிறுவயது தொட்டுக் கேட்ட நல்ல சமாரியன் உவமை அவனுக்கு இவ்விடத்திலே புதிதாய்த் தோன்றிற்று. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போன ஆசாரியனைக் கல்நெஞ்சன் என்றே போதகர்மார் பிரசங்கிப்பர். அவன் கல்நெஞ்சனாயிருக்க வேண்டியதில்லை. தன் நிலைக்கு இது தகுமா, இதனால் வேறு சிக்கல் விளையுமா என்று எண்ணிய கண்ணியமான மனிதனாகவும் இருந்திருக்கலாம். கண்ணியமான தயக்கத்துக்கும் கல்நெஞ்சுக்கும் வழியிற் கிடந்தவனைப் பொறுத்தவரையில் என்ன வேறுபாடு?

இத்தயக்கம் கிறிஸ்தவன் ஒருவனுக்குத் தவிர்க்கமுடியாத விதியென்று கொள்வதற்கும் இடமில்லை. ஹண்டி பேரின்பநாயகமும் கிறிஸ்தவரே. 1924 இலே தோன்றிய மாணவர் காங்கிரசின் கர்த்தாக்களுள் முதன்மையானவர். 1927 இற் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது வரவேற்றவர்களுள் ஒருவர். பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கம் சமபந்தி போசனத்தை மேடையிற் பேசியதோடு நில்லாமல் இலையிலும் நடத்திற்று. உதவி பெறும் பாடசாலைகளிலே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைத் தரையில் இருத்தாது சமமாக வாங்கில் இருத்த வேண்டும் என்ற நடைமுறை 1929 ஐ அடுத்து வந்தபோது பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாயின. அக்காலத்திலே சம ஆசனத்தின் பக்கம் நின்ற இந்தக் கிறிஸ்தவர், பின்னாளிலே கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். இந்துக் கல்லூரி ஒன்று வேதக்காரரை அதிபராக ஏற்றது என்ற செய்தியைக் கேட்டு அம்மாணவனின் விடுதித் தோழன் நம்ப மறுத்தான். செல்வநாயகத்தைப்போல் வாக்குக் கேட்க வேண்டிய நிர்ப்பந்தம் பேரின்பநாயகத்துக்குப் பெரும்பாலும் இருக்கவில்லை என்பதையும் நீதி கருதிச் சொல்லத்தான் வேண்டும்.

இவையெல்லாம் பிறர் கதைகள். ஆராய்ச்சி வீட்டு முற்றத்துக்கு வந்தபோதுதான் அவனுக்கு இடர்ப்பாடு தொடங்கிற்று. அவனுடைய அப்பம்மா, தம் சிறுபராயத்துத் தேவாலயத்தின் திருவிருந்து பற்றிச் சொல்வதுண்டு. ஒரே கிண்ணம், ஒரே முந்திரிகைப் பழரசம். ஆனால் எந்தக் குடும்பங்கள் முதலில் முழங்காற்படியிடுவது, எவை கடைசியிலே வருவது என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். எவரும் அதனை எழுதி வைக்கவில்லை; எவரும் வாயிலிலே நின்று மறிக்கவில்லை. மறித்தவர் இல்லாத இடத்திலே சத்தியாக்கிரகம் இருப்பது எப்படி? மாவிட்டபுரத்திலே குறைந்தபட்சம் ஒரு கதவு இருந்தது. பத்திரிகைகளின் மணமகள் தேவைப் பகுதியிலே 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்கு அருகே சாதிப் பெயரையும் சேர்த்து இன்றும் அச்சிடக் கொடுப்போர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இவ்விரு சொற்களும் ஒன்றையொன்று மறுப்பனவாய்த் தோன்றுவதில்லை.

அவனுடைய தமக்கை, அதே சபையைச் சேர்ந்த ஓர் ஆசிரியரை மணக்க விரும்புவதாக வீட்டிலே சொன்னார். மதம் ஒன்று, சபை ஒன்று, சாதி வேறு. எதிர்ப்பு முதலில் வந்தது பெரியப்பாவிடமிருந்தாகும். ஓய்வுபெற்ற ஆசிரியர், கற்றவர், நாளும் வேதம் வாசிப்பவர். 1972 இன் அரசியலமைப்பு தன் ஆறாம் பிரிவிலே பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்ததையும், 1978 இன் அரசியலமைப்பு ஒன்பதாம் உறுப்புரையிலே அதனைத் தொடர்ந்ததையும் மனப்பாடமாய் ஒப்புவிப்பவர். எல்லாரும் சமம் என்று எழுதிவிட்டு ஒருவரை மட்டும் மேலே வைப்பது எப்படிச் சமமாகும் என்று அவர் கேட்கும்போது மறுமொழி சொல்லவல்லார் அரியர். அத்தகையவர் தமக்கையிடம் சொன்னது இது: "வேதத்திலை சாதியில்லைத்தான் பிள்ளை. ஆனால் சமூகம் எண்டு ஒண்டிருக்கு."

பெரியப்பாவை வெறுக்க அம்மாணவனால் இயலவில்லை. 1990 இலே வலிகாமம் வடக்கிலிருந்து வெறுங்கையோடு இடம்பெயர்ந்தவர் அவர். அப்பகுதியின் கோயில்களும் தேவாலயங்களும் பல்லாண்டுகள் ஒரே முட்கம்பிக்குள் உயர்பாதுகாப்பு வலயமாய்க் கிடந்தன. அந்த மட்டிலே இராணுவம் மதவேறுபாடு பார்க்கவில்லை. தமது வீட்டின் ஒவ்வொரு மாமரத்தையும் அவர் நினைவிலிருந்து சொல்வார். அதே 1990 இன் ஒக்டோபரிலே, யாழ்ப்பாணச் சோனகத் தெரு மக்கள் இரண்டு மணிநேர அவகாசத்திலே விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதை அவராகச் சொல்லி அவன் கேட்டதில்லை. கேட்டபோது, "அது கூடாத வேலைதான்" என்றார். பிறகு மாமரங்களுக்குத் திரும்பிவிட்டார். 2019 ஏப்பிரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்துச் சிறுவர் பலர் உட்பட மக்கள் மாண்டபோது அம்மாணவன் பள்ளிச் சிறுவன். அடுத்த வாரங்களிலே முஸ்லிம் கடைக்குப் போகவேண்டாம் என்ற பேச்சு அவர்களுடைய ஒழுங்கையிலும் நடந்தது. தடுக்க எவரும் முன்வரவில்லை. எவரும் கத்தவுமில்லை. ஒரு குடும்பம் பின் ஒரு குடும்பமாகக் கடையை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவே. அப்பம்மா மட்டும் தாம் வழக்கமாய் வாங்கும் கடையிலேயே வாங்கினார். அதற்கு அவர் கூறிய காரணம், அங்கேதான் மாசிக் கருவாடு நல்லது என்பதாகும்.

ஆய்வுக் கட்டுரையிலே 1968 பற்றிய அத்தியாயத்தை அவன் மூன்று தடவை திருத்தி எழுதினான். முதற்படியிலே செல்வநாயகத்துக்காக வாதாடியிருந்தான். இரண்டாம் படியிலே அவர்மேற் குற்றம் சாட்டியிருந்தான். மூன்றாம் படியிலே இரண்டு கோயில்களையும் அடுத்தடுத்து வைத்து, திகதிகளோடு நிறுத்திக்கொண்டான். முடிவுரை போதாது என்று விரிவுரையாளர் ஓரத்திலே சிவப்பு மையால் எழுதியிருந்தார். விடுதியிலே அந்தப் பழைய வினா மீண்டும் எழுந்தபோது அவன் தந்தை செல்வாவை இழுக்கவில்லை. "மாறினவைதான். சோத்துக்கும் மாறியிருப்பினம். சாதியை மட்டும் மாத்தேல்லை" என்றான். கேட்டவன் சிரித்துவிட்டு, தங்கள் ஊர்க் கோயிலிலே இன்றும் யார் தேர்வடம் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதைச் சொல்லத் தொடங்கினான். அன்றிரவு உரையாடல் நெடுநேரம் நீண்டது.

தமக்கையின் விவாக அறிவித்தல் மூன்று ஞாயிறும் சபையிலே வாசிக்கப்பட்டுவிட்டது; ஆட்சேபனை எவரும் எழுப்பவில்லை. பெரியப்பா அம்மூன்று ஞாயிறும் வேறொரு தேவாலயத்துக்குச் சென்றார். திருமணம் அடுத்த விடுமுறையிலே. அவருக்கு அழைப்பிதழ் கொண்டுபோகும் பொறுப்பு அம்மாணவனிடம் விடப்பட்டிருக்கிறது. அப்பம்மா தாமும் கூடவருவதாகச் சொல்லியிருக்கிறார்.