திண்ணையில் இருந்தவர் கையில்

2001இல், முதுகலைத் தமிழ் முடித்த கையோடு, கரூரில் இணைய இணைப்பு கொடுத்துவந்த ஒரு சிறு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தட்டச்சு தெரியும் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். நான் போயிருக்க வேண்டிய இடம் அதுவல்ல. முனைவர் பட்ட நேர்முகத்துக்கு அழைத்துப் பல்கலைக்கழகம் எனக்கொரு கடிதம் அனுப்பியிருந்தது. தபால்காரர் அதைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவிடம் கொடுத்தார். பெரியப்பா பிரித்துப் படித்துவிட்டுப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டார். என் கைக்கு அது வந்தபோது நேர்முகம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. "மறந்தே போச்சு சாமி" என்றார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. என் பெயர் போட்டு வந்த கடிதத்தை அவர் ஏன் பிரித்தார் என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு எனக்குமே தோன்றவில்லை.

அலுவலகத்தில் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொண்டவர் பாதியில் வேலையை விட்டுப் போனார். போகும்முன் ஒரு வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த மாதம் ஒரு துணி ஏற்றுமதிக்காரர் வந்தார். மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் ஜெர்மனிக்கு அனுப்புகிறவர். தன் நிறுவனத்தின் பெயரிலேயே டொமைன் வாங்கியிருந்தார். ஆனால் அவரிடம் இருந்தது டயல்-அப் இணைப்புதான். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி மோடம் இரைந்துவிட்டு அடங்கிவிடும். அங்கிருந்து அஞ்சல் வரும் நேரத்தில் இங்கே வாங்குவதற்கு ஆளில்லை.

வழி இருந்தது. டொமைனுக்கு இரண்டு எம்எக்ஸ் பதிவுகள் போட வேண்டும். 10 என்ற எண்ணோடு அவருடைய சர்வர், 20 என்ற எண்ணோடு எங்களுடையது. சிறிய எண்ணுக்கே முதலுரிமை. அஞ்சல் முதலில் அவர் கதவைத் தட்டும், திறக்கவில்லை என்றால் எங்களிடம் வரும். எங்கள் செண்ட்மெயிலில், யாருக்காக வாங்கிக் கடத்துவோம் என்ற பட்டியலில் அவர் டொமைனைச் சேர்த்தேன். பட்டியலே இல்லாமல் எல்லோருக்கும் கடத்தினால் குப்பை அஞ்சல்காரர்கள் நம் சர்வரைத் தங்கள் வண்டியாக்கிக்கொள்வார்கள். வாங்கியவை வரிசையில் காத்திருக்கும். நான்கு மணி நேரம் கடந்தால், இன்னும் சேரவில்லை, நீங்கள் மறுபடி அனுப்ப வேண்டியதில்லை என்று அனுப்பியவருக்கு ஒரு தகவல் போகும். ஐந்து நாளில் சேராவிட்டால் கடிதம் திரும்பிவிடும். பொங்கலுக்கு அவர்கள் ஒரு வாரம் பூட்டுவார்கள் என்பதால் அதைப் பத்து நாளாக்கினேன்.

காத்திருக்கும் அஞ்சலை ஒப்படைப்பதில்தான் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. 1982இல் எழுதப்பட்ட எஸ்எம்டிபி விதிகளில் டர்ன் என்றொரு கட்டளை உண்டு. இணைப்பில் வந்தவர் "நான் இன்னார், எனக்குள்ளதைக் கொடு" என்றால், அதே இணைப்பில் அவரிடமே கொடுத்துவிடலாம். வந்தவர் உண்மையில் அவர்தானா என்று பார்க்க அதில் வழியில்லை. அதனாலேயே அதைக் கைவிட்டார்கள். 1996இல் ஈடர்ன் வந்தது. இதிலும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் கேட்டவர் கையில் எதுவும் கிடைக்காது. சர்வர் தானே புதிதாக ஓர் இணைப்பைத் திறந்து, அந்த டொமைனுக்குப் பதிவாகியிருக்கும் முகவரியைத் தேடிப்போய்க் கொடுக்கும். திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதற்குப் பொருட்டில்லை. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓர் இயந்திரத்துக்கு எழுதி வைத்த ஒழுங்கு என் வீட்டில் இல்லை.

மூன்று மாதம் கழித்து அந்த ஏற்றுமதிக்காரர் வந்தார். அவர்கள் சர்வரையும் நாங்கள்தான் அமைத்துக் கொடுத்திருந்தோம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நம்ம ஆபீஸ்ல லெட்டர் அடிக்கிற புள்ளைக்கு வெளியூர்ல இருந்து ஏதோ லெட்டர் வருதாட்ட இருக்குது. அதுக்கு வர்றதெல்லாம் எனக்கும் ஒரு காப்பி வர்ற மாதிரி பண்ணிரு கண்ணு. அவங்கப்பா கேட்டுக்கிட்டாரு."

ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது.

"இதுல அப்படி வசதி இல்லைங்க சார்" என்றேன்.

பொய். எனக்குத் தெரிந்த ஒரே எதிர்ப்பு அதுதான். அது தப்பு என்று சொல்லும் துணிச்சல் இல்லை. சம்பளம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், வாடிக்கையாளர் பெரியவர். அந்தப் பெண்ணை எச்சரிக்கவும் இல்லை. வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் முகவரியைப் பார்ப்பேன். முகத்தைப் பார்த்ததில்லை. ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டேன். ஏற்றுமதிக்காரர் எடுத்தார், வைத்துவிட்டேன். சில வாரங்களில் அந்தப் பெயருக்கு அஞ்சல் வருவது நின்றுபோனது. வேலையை விட்டாளா, நிறுத்தினார்களா என்று நான் விசாரிக்கவில்லை. பெரியப்பாவை யாரும் கேட்காததைப் பற்றி இத்தனை எழுதுகிறேன். நானும் கேட்காதவள்தான்.

அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்தேன். தொடர்பு முகவரி என்ற கட்டத்தில் அலுவலக முகவரியை எழுதினேன். கடிதம் ஒட்டியது ஒட்டியபடியே என் கைக்கு வந்தது.

இப்போது கல்லூரியில் சேர்க்கைப் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. கைப்பேசி எண் என்ற கட்டத்தில் பிள்ளைகள் அப்பா எண்ணையோ அண்ணன் எண்ணையோதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். உதவித்தொகைத் தகவல், நேர்முகத் தேதி, ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். சென்ற ஆண்டு முதுகலை முடித்த ஒரு மாணவிக்கு மேற்படிப்பு அழைப்பு வந்து பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. "அண்ணன் சொல்ல மறந்துட்டானாம் மேம்" என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு படிவத்தையும் திருப்பிக் கொடுத்துக் கேட்கிறேன், "இது யாரு நம்பரும்மா?" சொந்த எண் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் என் எண்ணை எழுதச் சொல்கிறேன். வந்ததை அன்றைக்கே அவர்களிடம் சேர்த்துவிட்டு அழித்துவிடுவேன். இந்த முறை யாருக்காகக் காத்து வைக்கிறேன் என்று அவர்கள் ஒவ்வொருவரின் முகமும் எனக்குத் தெரியும்.